விளக்கு எரிந்தது, சங்கு ஊதவில்லை

இதனை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் அண்மையில்தான் ஏற்பட்டது. இளம் பொறியாளர்கள் கூடிய ஓர் அவையில், சவ்வாது மலையின் கானாற்றுத் தரைப்பாலத்தில் முன்னொரு நாள் நிகழ்ந்ததை ஒருவர் எடுத்துரைத்தார். "கணிப்பொறி தானே எழுந்தது; சங்கு ஊதிற்று; எல்லோரும் பிழைத்தார்கள்" என்று அவர் முடித்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்ததற்கும் ஊதியதற்கும் இடையே ஓர் அமைதி இருந்தது. அந்த அமைதியினுள் நின்றவர்களில் நானும் ஒருவன். அதனை விட்டுவிட்டு இந்நிகழ்ச்சியைச் சொல்வது, இதனை நம்பி நாளை இத்தகைய கருவியை அமைப்பவருக்குத் தீங்காக முடியும். ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மேட்டின்மேல், மழையளவையும் கானாற்றின் நீர்மட்டத்தையும் பதிவு செய்யும் சிறு ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையில் இயங்கும் கணிப்பொறி ஒன்றும் அங்கே இருந்தது. மேலே பாறையிடுக்கில் பதித்த மிதவையிலிருந்து நீண்ட கம்பிவழியே நீர்மட்டம் அதற்கு வந்து சேரும். மட்டம் ஒரு வரம்பைக் கடந்தால், நிலையத்தின் கூரைமேல் இருந்த மின்சங்கை அது ஊதச் செய்யும். ஆலைகளில் வேலைநேரம் அறிவிக்க ஊதுவார்களே, அதே வகைச் சங்கு. மேட்டுக்குக் கீழே தரைப்பாலம். அதனைக் கடக்க இருப்பவர்கள் சங்கொலி கேட்டால் நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கானாறு ஆண்டின் பெரும்பகுதி மணலும் கல்லுமாகவே கிடக்கும். மலைமுகட்டில் மழை கொட்டினால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே செந்நீர் உருண்டு வரும். பாலத்துக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. சங்கு வருமுன் மக்கள் முகட்டைப் பார்ப்பார்கள். அங்கே கருத்திருந்தால் இக்கரையிலேயே மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சங்கு வந்தபின் முகட்டைப் பார்க்கும் வழக்கம் மெல்ல ஒழிந்தது. சங்கு ஊதவில்லை என்றால் அச்சமில்லை என்று ஜீப் ஓட்டுநர்கள் முதலில் பழகினார்கள். பிறகு எல்லோரும் பழகிவிட்டார்கள்.

என் மனைவி அக்கரையிலிருந்த தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. காலையில் நடந்தே பாலத்தைக் கடப்பாள். மாலையில் திருப்பத்தூர் நோக்கி வரும் ஜீப்பில், புளி மூட்டைகளுக்கும் பலாப்பழங்களுக்கும் இடையே உட்கார்ந்து, இக்கரையிலிருந்த எங்கள் குடியிருப்புக்குத் திரும்புவாள். எனவே அந்தச் சங்கு உரிய நேரத்தில் ஊதுமா என்பது எனக்கு ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் இருந்ததில்லை.

இடர் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல, அவ்வூர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னிணைப்பு வந்த வீடுகளிலெல்லாம், முதல் இடியோசை கேட்டதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். ஒருமுறை மின்னல் பாய்ந்து ஒரு நீர் இறைப்பியும் இரண்டு வானொலிப் பெட்டிகளும் கருகிப்போனதிலிருந்து அது எழுதாத சட்டமாகிவிட்டது. எங்கள் நிலையத்தின் காவலர் அவ்வூர்க்காரர். சாமையும் தினையும் பயிரிடும் குடும்பம். அவரும் அச்சட்டத்தைத் தவறாமல் கடைப்பிடித்தார். மின்விசை அறுந்தால் கணிப்பொறி கண்மூடிவிடும் என்று நான் விளக்கியபோது அவர் சிரித்தார்.

"பொட்டி எரிஞ்சா உங்களுக்கு வேற பொட்டி அனுப்புவாங்க சார். நான் எரிஞ்சா எம்பொண்டாட்டிக்கு வேற ஆளு யாரு அனுப்புவாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மின்னல் பாய்ந்து கணிப்பொறியே கருகினால் பிறகு சங்கு என்றுமே ஊதாது. ஆயினும் இதனால் விளைவது இதுதான். எந்த மழைக்காக அக்கருவி அங்கே வைக்கப்பட்டதோ, அந்த மழை தொடங்கும் கணத்திலேயே அது அணைக்கப்படும். இடி ஓய்ந்து சுவிட்சு ஏறியதும், ஒருவர் கையும் படாமல் அது தானே எழுந்து, தானே நீர்மட்டத்தைப் பார்க்கத் தொடங்கியாக வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் விசைப்பலகையில் ஆணையிட்டுத் தொடங்கிவிடலாம். இல்லாத நாளில்?

அன்றைய யூனிக்ஸ் பொறி எழும்போது மனிதரை எதிர்பார்த்தே எழும். மேலே செல்லலாமா என்று ஒரு விசையை அழுத்தக் கேட்கும். நாளும் நேரமும் என்ன என்று கேட்கும். திடீரென அணைந்திருந்தால், கோப்புகள் பதிந்திருக்கும் வட்டில் பழுதுண்டா என்று தேடும். கண்ட ஒவ்வொரு பழுதையும் திருத்தட்டுமா என்று கேட்கும். விடை வரும்வரை திரையில் ஒரு சிறு சதுரம் மினுங்கிக்கொண்டே இருக்கும். கேள்விகளெல்லாம் தீர்ந்தபின்தான் 'ஆர்சி' என்னும் கோப்பிலுள்ள ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். ஸ்கிரிப்ட் என்று எல்லோரும் வழங்குவதை நான் கட்டளைக்கோப்பு என்று வழங்கிவந்தேன். அக்கோப்பின் இறுதியில், நீர்மட்டத்தைப் படிக்கும் நிரலைத் தொடங்குமாறு ஒரு வரி சேர்ப்பதுதான் பணி.

ஒரு வரிதான். அதற்குள் எத்தனை கண்ணிகள் இருந்தன!

முதலில் எழுதிய வரியைக் கையால் இயக்கினேன், குறையின்றி ஓடியது. காவலரைச் சுவிட்சை இறக்கி ஏற்றச் சொன்னேன். பொறி எழுந்தது, நிரல் எழவில்லை. என் பெயரில் நான் நுழையும்போது என் நிரல்கள் எந்த அடைவில், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் எந்தப் பிரிவில், உள்ளன என்பது பொறிக்குத் தெரியும். தானே எழும் வேளையில் அதற்கு என்னைத் தெரியாது. தன் சொந்த அடைவுகள் இரண்டொன்றைத் தவிர வேறெங்கும் தேடாது. நிரலின் முழு முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். இம்முறை நிரல் எழுந்தது. ஆனால் அதனைப் பின்னணியில் விடுமாறு வரியின் முடிவில் இட வேண்டிய குறி அதில் இல்லை. நீர்மட்டம் படிக்கும் நிரல் என்றும் முடியாத நிரல். அது முடியட்டும் என்று பொறி காத்துக்கொண்டே இருந்தது. உள்ளே நுழையப் பெயர் கேட்கும் வரி திரையில் தோன்றவே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து தாழிட்டுக்கொண்ட கதவுபோல் அது என்னைப் பார்த்தது.

அன்று முகட்டில் கருமேகம் கட்டியிருந்தது. மனைவி அக்கரையில் இருந்தாள். மீண்டும் அணைத்து, பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள ஒற்றைப் பயனர் நிலையில் பொறியை எழுப்பினேன். அந்நிலையில் வட்டின் தலைப்பகுதி மட்டுமே இணைந்திருக்கும். நான் பழகிய எழுத்துத்திருத்தி இணையாத பகுதியில் கிடந்தது. கையில் இருந்தது, வரி எண்ணைச் சொல்லி ஒவ்வொரு வரியாகத் திருத்தும் பழைய திருத்தி ஒன்றே. வேறொரு வரியை அழித்துவிட்டால் பொறி எந்நிலையிலும் எழாமல் போய்விடலாம். அந்தக் குறியை இட்டுச் சேமித்தபின், எழுதியதை மீண்டும் திரையில் வரவழைத்துப் பார்த்தேன். அதன்பிறகும் ஒருமுறை பார்த்தேன். காவலர் வாயிலில் நின்று, "இன்னா சார், பரிட்சை எழுதுற பையன் மாதிரி வேர்க்குது உங்களுக்கு?" என்றார். மழை அன்று வேறு பக்கம் போயிற்று.

அடுத்த வாரங்களில் கேள்விகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியாகப் பதிந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளச் செய்தேன். வட்டுப் பழுதுகள் அனைத்துக்கும் ஆம் என்றே விடை சொல்லச் செய்தேன். ஆனால் வட்டைத் தேடும் நேரத்தை மட்டும் என்னால் குறைக்க முடியவில்லை. வேலையின் நடுவே மின்விசை அறுந்திருந்தால் தேடல் நீளும். "உங்க பொட்டி எழுந்திரிக்கறதுக்குள்ள ஒரு உலை சாமை வெந்துடும்" என்பார் காவலர். அந்த உலை வேகும் நேரம் முழுவதும் சங்கு ஊதாது என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம். தரைப்பாலத்தில் அது என்ன பொருள்படும் என்பதை இருவருமே எண்ணிப் பார்த்ததில்லை.

அந்நாள் வந்தது. காலையில் கட்டளைக்கோப்பில் நேரம் குறித்த வரி ஒன்றை மாற்றினேன். கையால் இயக்கிச் சரிபார்த்தேன். மின்விசையை அறுத்துப் பார்க்க நேரம் இல்லை. அலுவல் ஒன்றன்பொருட்டுத் திருப்பத்தூருக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினேன். பேருந்து பாலத்துக்குச் சற்று முன்னே, நிலையத்துக்கு ஏறும் வழியருகே என்னை இறக்கிவிட்டுச் சென்றது. அங்கே நல்ல வெயில். மணல் வெண்மையாகக் கிடந்தது. நடுவில் ஒரு மெல்லிய நீரோட்டம்.

முகட்டில் இடி உருண்டது.

நிலையத்தின் கம்பத்து உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மின்விசை இருக்கும்வரை இரவும் பகலும் எரியும். நிமிர்ந்து பார்த்தேன். அது அணைந்திருந்தது. காவலர் சுவிட்சை இறக்கிவிட்டார் என்று தெரிந்தது. மேலே ஓடினால் என்ன செய்ய முடியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மீண்டும் எரிந்தது. இடி நகர்ந்துவிட்டதென்று அவர் சுவிட்சை ஏற்றியிருக்கிறார். பொறி இப்போதுதான் எழத் தொடங்கும். அது நீரைப் பார்க்க இன்னும் நெடுநேரம் ஆகும். காலையில் மாற்றிய வரியில் பிழை இருந்தால் பார்க்கவே பார்க்காது.

அக்கரையில் ஜீப் ஒன்று சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் மூட்டைகளின் நடுவே என் மனைவியின் நீலப் புடவை தெரிந்தது.

கூவினேன். இயந்திர ஓசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு என் கால்கள் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் திரும்பி ஆற்றின் வளைவைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஜீப் பாலத்தில் ஏறிச் சற்றுத் தூரம் வந்து, எனக்கு எதிரே நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார் இது? நடுப்பாலத்துல நந்தி மாதிரி நின்னுகினு கீறீங்க? வழி வுடுங்க!"

"அருள்கூர்ந்து வண்டியைப் பின்னே எடுங்கள். மேலே மழை பெய்திருக்கிறது."

"மேல பெஞ்சா சங்கு ஊதும்னு நீங்கதானே சொன்னீங்க? அதோ லைட்டு எரியுது பாருங்க. கரண்டு கீது. சங்கு ஊதல. அப்பறம் இன்னா?"

"விளக்குதான் எரிகிறது. கணிப்பொறி இன்னும் எழவில்லை."

பின்னாலிருந்த பெண்ணொருத்தி, "பொட்டி இன்னும் பல்லு வெளக்கலயாம்டி" என்றாள். ஜீப் முழுவதும் சிரித்தது. "அதெல்லாம் இல்ல, டீச்சரம்மாவைக் கையப் புடிச்சிக் கூட்டினு போவ வந்துகீறாரு" என்றாள் இன்னொருத்தி. மீண்டும் சிரிப்பு. ஓட்டுநரும் சிரித்துக்கொண்டே வண்டியை ஓர் அடி முன்னே விட்டார். அதன் முன்புறம் என் மார்பில் மெல்ல இடித்தது. நான் நகரவில்லை, நகரக் கூடாது என்று தீர்மானித்து நிற்கவில்லை, கால்கள் அசையவில்லை, அவ்வளவே.

என் மனைவி எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, பின்னால எடுங்க. அவுரு சும்மா வந்து வழிய மறிக்கிற ஆளு இல்ல."

"இன்னாம்மா நீங்களும்..."

அவள் அதற்குள் இறங்கிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கரை நோக்கித் திரும்பி நடந்தாள். பல் விளக்கிய கதை சொன்னவளும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். ஓட்டுநர் கையை ஓங்கித் தன் தொடையில் அடித்துக்கொண்டு, வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். நானும் அவர்களோடு அக்கரைக்கே போய்ச் சேர்ந்தேன்.

பிறகு காத்திருந்தோம். நீரோட்டம் அதே மெல்லிய கோடாகத்தான் இருந்தது. ஒரு கொக்கு அதில் நின்று மீன் தேடியது. ஓட்டுநர் பீடி பற்றவைத்தார். "இது முடியற வரைக்கும்தான். அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன். இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்."

என் மனத்தில் கணிப்பொறியின் திரை ஓடிக்கொண்டிருந்தது. வட்டுச் சோதனை ஐந்து கட்டங்களாக நடக்கும். ஒவ்வொன்றும் தொடங்கும்போது ஒரு வரி தோன்றும். யாரும் இல்லாத அறையில் அவ்வரிகள் தோன்றுகின்றனவா? இரண்டாம் கட்டத்தில் நிற்கிறதா? அல்லது நான் நீக்க மறந்த கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, அச்சிறு சதுரம் மினுங்கக் காத்திருக்கிறதா? வெள்ளம் வரக்கூடாது என்று வேண்டினேன். பீடி குறையக் குறைய, இவர்கள் கண்முன் வந்தாவது தொலையாதா என்றும் வேண்டினேன். இவ்விரு வேண்டுதலும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருந்தன என்பதை எழுதவே கூசுகிறது.

பீடித்துண்டு மணலில் விழுந்தது. ஓட்டுநர் ஏறி இயந்திரத்தைக் கிளப்பினார். "வர்றவங்க வாங்க!" இருவர் ஏறினார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். மறுபடியும் அவர்முன் போய் நிற்பதற்கு நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

மேட்டிலிருந்து இறங்கிய அவ்வொலி முழுக் குரலாக உயருமுன்னே வளைவில் நீர் தெரிந்தது. செம்மண் நிறம், முகப்பில் நுரையும் சருகும், உள்ளே முறிந்த பலாக்கிளை ஒன்று புரண்டு புரண்டு வந்தது. கொக்கு எழுந்து பறந்தது. பாலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மறைந்தது. ஜீப் பாலத்தின் பாதியைக் கடக்க எடுக்கும் நேரம்கூடச் சங்குக்கும் நீருக்கும் இடையே இருக்கவில்லை. சங்கு தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தது.

ஏறிய இருவரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு என்னருகே வந்து, தாழ்ந்த குரலில், "சங்கு லேட்டு சார்" என்றார்.

நீர் வடிய இருட்டிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கே திரும்பினோம். வழியில் என் மனைவி ஒரே ஒரு சொற்றொடர்தான் பேசினாள். "இனிமே அப்பிடி ஓடி வராதீங்க. போனா ஒருத்தரு போதும்."

மறுநாள் நிலையத்துக்குப் போய்த் திரையையும் பதிவுகளையும் பார்த்தேன். பொறி எல்லாவற்றையும் முறைப்படியே செய்திருந்தது. வட்டைச் சோதித்தது; திருத்தியது; நேரத்தை எடுத்துக்கொண்டது; நிரலை எழுப்பியது; முதல் பார்வையிலேயே மட்டம் வரம்பைக் கடந்திருக்கக் கண்டு சங்கை ஊதியது. காலையில் மாற்றிய வரியிலும் பிழை இல்லை. பிழை ஒன்று இருந்திருந்தால் அதனைத் திருத்திவிட்டு உறங்கியிருப்பேன். எல்லாம் சரியாக நடந்தும் ஜீப் நடுப்பாலத்தில் இருந்திருக்கும் என்பதே என்னை உறங்க விடவில்லை.

காவலரோடு உட்கார்ந்து பேசினேன். இடிக்குச் சுவிட்சை இறக்குவதை நிறுத்த முடியாது. வட்டுச் சோதனையையும் விலக்க முடியாது. மாற்றக்கூடியது சங்கின் பொருள் ஒன்றுதான். மழை மாதங்களில், நிரல் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை சற்றைக்கொருமுறை சங்கு சுருக்கமாக ஒருதரம் ஊத வேண்டும் என்று அமைத்தேன். அக்குறுங்குரல் கேட்டால் கடக்கலாம். நெடுங்குரல் கேட்டாலும் கடக்கக் கூடாது, எக்குரலும் கேளாவிட்டாலும் கடக்கக் கூடாது. கட்டளைக்கோப்பின் இறுதி வரியில் செய்த மாற்றம் சிறிது. அதனை மக்களிடம் கொண்டு சேர்த்தது காவலரும் என் மனைவியும். அவள் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னாள். அவர் சந்தையில் சொன்னார். "சத்தம் இல்லன்னா எறங்காதே, அவ்ளோதான்."

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "புள்ள தூங்க மாட்டேங்குது சார், உங்க பொட்டி விக்கல் எடுக்குறாப்பல கத்திகினே கீது" என்று ஒரு தாய் வந்து சண்டையிட்டாள். அந்த ஓட்டுநர்தான் அவளுக்கு விடை சொல்லி அனுப்பினார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் நாங்கள் அங்கே இருந்தவரை, மாலையில் குறுங்குரல் கேட்கும்போதெல்லாம் மூச்சு இறங்கும். அடுத்த குரல் வரும்வரை மீண்டும் ஏறும். என் மனைவி பாலத்தைக் கடந்து வீடு சேர்ந்தபின்னும் அது உடனே நிற்காது. அவளோ முகட்டையும் பார்த்து, சங்கையும் கேட்டபிறகே இறங்குவாள். ஓட்டுநர் அதற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்.

நான் எழுதியவற்றில் என் நினைவு பிறழ்ந்திருக்கக் கூடும். பொறி எழும்போது கேட்ட கேள்விகளின் வரிசை நான் சொன்னபடிதானா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. அக்காலத்து யூனிக்ஸ் முறையை அறிந்தோர் திருத்த வேண்டும். ஜீப் பாலத்தில் எவ்வளவு தூரம் வந்து நின்றது, சங்கு முதலிலா நீர் முதலிலா என்பன அன்று அக்கரையில் நின்றவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். நான் அவ்வேளையில் ஆற்றைப் பாராமல் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களோ அவர்களின் மக்களோ இதனைப் படிக்க நேர்ந்து வேறாகச் சொன்னால், அவர்கள் சொல்வதையே கொள்க. எனக்கும் தெரிவித்தால் இப்பக்கங்களில் அவ்வாறே மாற்றி எழுதுவேன்.